குடல் நுண்ணுயிரிலிருந்து ஒரு குழந்தையின் கல்லீரல் வரை

நம் குடலில் கோடிக்கணக்கில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் டாட்-ஏ என்று ஒரு சின்ன நொதி இருக்கிறது. அதற்கு ஒரே வேலைதான். புரதம் கட்டும் இடத்துக்கு அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்து செல்லும் கடத்தி ஆர்.என்.ஏ.வைப் பிடித்து, அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் உள்ள அடினினின் அமீன் தொகுதியைக் கழற்றிவிடும். அமீனை இழந்த அடினின், இனோசின் ஆகிவிடுகிறது. இனோசினுக்கு எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் பொருந்தும் என்பதால், ஒரே கடத்தி அர்ஜினினுக்கான பல குறியீடுகளைப் படித்துவிடுகிறது. இந்த நொதியைப் பறித்துவிட்டால் ஈ.கோலை பிழைக்காது என்று 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெல்லரின் குழு காட்டியது. பாக்டீரியாவுக்கு உயிர்நாடியான இந்த நொதியைப் பற்றி ஆர்.என்.ஏ. ஆய்வுத் துறைக்கு வெளியே அப்போது அதிகம் பேருக்குத் தெரியாது. அது வேலை செய்வதும் ஆர்.என்.ஏ.வில்தான், டி.என்.ஏ. பக்கம் போவதில்லை.

இதன் வழிவந்த ஒரு நொதிதான் 2025 பிப்ரவரியில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஏழாம் மாதம் நிறையும் தறுவாயில் இருந்த ஒரு குழந்தையின் கல்லீரலுக்குள் போய், அவனது டி.என்.ஏ.வில் பிழையாக இருந்த ஓர் எழுத்தைத் திருத்தியது. இடையில் அதற்கு நேர்ந்ததெல்லாம் சொல்லப்பட வேண்டிய கதை.

அந்தக் கதையில் இன்னொரு பாக்டீரியாவுக்கும் இடமுண்டு. நம் தொண்டையைப் புண்ணாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா, தன்னைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ.வை வெட்ட காஸ்9 என்ற புரதத்தை வைத்திருக்கிறது. ஒரு வழிகாட்டி ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால், அதிலுள்ள 20 எழுத்துகளோடு பொருந்தும் இடத்தைத் தேடிப் போய் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் அது வெட்டும். நாம் விரும்பும் இடத்தை வெட்டும்படி அதை ஏவ முடியும் என்று ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்ப்பென்டியேவும் 2012-இல் நிரூபித்தார்கள். 2020-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கிரிஸ்பர் என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான்.

வெட்டுவது சுலபம். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. இரண்டு இழையும் அறுந்தால் செல் பதறிப்போய் முனைகளை இழுத்து ஒட்டவைக்கும். தறியில் அறுந்த பாவு இழையை அவசரமாக முடிச்சிட்டால் அந்த இடம் தடித்துப்போவதைப் போல, ஒட்டிய இடத்தில் சில எழுத்துகள் தொலைந்திருக்கும், அல்லது கூடுதலாக நுழைந்திருக்கும். சில சமயம் பெரிய துண்டே காணாமல் போகும். கேடு செய்யும் ஒரு மரபணுவை முடக்குவதுதான் நோக்கம் என்றால் இந்தக் கோணல் போதும். ஆனால் ஆயிரக்கணக்கான பரம்பரை நோய்களில் குறை ஒரே எழுத்தில் இருக்கிறது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று மாறியிருக்கிறது. அதை மட்டும் திருத்த வேண்டும், சுற்றியுள்ளது கலையக் கூடாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் பிராட் ஆய்வகத்திலும் வேலை செய்யும் வேதியியலாளர் டேவிட் லியூவின் குழுவில் அலெக்சிஸ் கோமர் இதற்கு ஒரு வழி கண்டார். காஸ்9-இன் வெட்டும் திறனைப் பிடுங்கிவிட்டு, இடம் கண்டுபிடிக்கும் திறனை மட்டும் வைத்துக்கொண்டார். அதன் மேல், எலியிடமிருந்து எடுத்த ஒரு நொதியைப் பொருத்தினார். சைட்டோசினின் அமீனைக் கழற்றி அதை யூராசிலாக்கும் நொதி அது. செல் யூராசிலைத் தைமினாகவே படிக்கும். டி.என்.ஏ.வில் யூராசிலைக் கண்டால் அதை அந்நியன் என்று பிடுங்கி எறியும் காவல் ஏற்பாடு செல்லில் உண்டு; அதைச் சற்று நேரம் கட்டிப்போட, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து இன்னொரு புரதத்தை வாங்கிச் சேர்த்தார். கடைசியில், திருத்தாத எதிர் இழையில் மட்டும் ஒரு சிறு கீறல் விழும்படி செய்தார். கீறல் பட்ட இழையைத்தான் செல் பழுதென்று கருதும். திருத்திய இழையைப் பார்த்து அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். ஈரிழையும் அறாமல் ஓர் எழுத்து மாறியது. 2016-இல் இது வெளியானது. அதே ஆண்டு ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் கெய்ஜி நிஷிதாவும் அகிஹிகோ கோண்டோவும், லாம்ப்ரே என்ற தாடையில்லாத மீனின் நொதியைக் கொண்டு இதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார்கள். பேஸ் எடிட்டர் பிறந்துவிட்டது.

ஆனால் அது ஒரு திசையில் மட்டும் ஓடியது: சைட்டோசினைத் தைமினாக்கும். இயற்கையும் இதே திசையில்தான் பிழை செய்கிறது. சைட்டோசின், வேதியியல் ரீதியாகவே நிலையில்லாத எழுத்து. தானாகவே அமீனை இழந்து தடம் மாறும். அதனால்தான் நோய் தரும் ஓரெழுத்துப் பிழைகளில் ஏறக்குறைய பாதி, இருந்த சைட்டோசின் போய் அங்கே தைமின் வந்து உட்கார்ந்தவை. அவற்றைத் திருத்த நேர் எதிரான கருவி வேண்டும்: அடினினின் அமீனைக் கழற்றி இனோசினாக்கி, செல்லை அதைக் குவானினாகப் படிக்கவைப்பது. அடினின் மாறினால் அதன் எதிரே உள்ள தைமின் தானாகச் சைட்டோசினாகத் திரும்பிவிடும். இங்கேதான் பாதை முட்டியது. டி.என்.ஏ.வில் உள்ள அடினினின் அமீனைக் கழற்றும் நொதி இயற்கையில் எங்கும் அறியப்படவில்லை. எலியும் லாம்ப்ரேயும் கொடுத்த உதவியைக் கொடுக்க ஓர் உயிரினமும் இல்லை.

லியூவின் ஆய்வகத்துக்கு அப்போது வந்திருந்த நிகோல் கவுடெல்லி, இல்லாததை உண்டாக்கிவிடுவது என்று இறங்கினார். ஆராய்ச்சிக்கு வரும் இளைஞர், இயற்கையில் இல்லாத ஒரு நொதி கிடைக்கும் என்று நம்பித் தன் ஆண்டுகளைப் பணயம் வைப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. டி.என்.ஏ. அல்லாத இடங்களில் அடினினை மாற்றும் நொதிகளை எடுத்துச் சோதித்தார்; மனிதனுடையது, சுண்டெலியுடையது, ஈ.கோலையின் டாட்-ஏ. எதுவும் டி.என்.ஏ.வைச் சீண்டவில்லை. அவற்றில் டாட்-ஏவைத் தேர்ந்தெடுத்து, அதை டி.என்.ஏ.வுக்குப் பழக்குவதற்குப் பரிணாமத்தையே கருவியாக்கினார்.

எப்படி? குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. நம் நாட்டில் டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு தலைமுறை முழுவதும் விழுங்கிய மருந்து. அதைத் தாங்கும் மரபணுவை ஈ.கோலைக்குக் கொடுத்து, ஓரெழுத்தை மட்டும் கெடுத்து வைத்தார்கள். அடினினைக் குவானினாக்கினால் மட்டுமே அந்த மரபணு உயிர் பெறும். பிறகு, டாட்-ஏவில் ஆங்காங்கே தாறுமாறாக மாற்றங்கள் செய்த ஏராளமான வடிவங்களை, வெட்டத் தெரியாத காஸ்9-உடன் கோத்து, பாக்டீரியாவுக்கு ஒன்றாகப் புகுத்தி, மருந்து கலந்த தட்டில் விட்டார்கள். தன் டி.என்.ஏ.வில் அந்த ஓர் எழுத்தைத் திருத்தத் தெரிந்த டாட்-ஏ யாரிடம் வாய்த்ததோ, அந்த பாக்டீரியா பிழைத்தது. மற்றவை மடிந்தன.

பிழைத்தவற்றை எடுத்துப் பார்த்தபோது, நொதியின் 106, 108 ஆகிய இடங்களில் அமினோ அமிலம் மாறியிருந்தது. இதில் 108-ஆம் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஆர்.என்.ஏ.வுக்கும் டி.என்.ஏ.வுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, சர்க்கரையில் இருக்கும் ஓர் ஆக்சிஜன். ஆர்.என்.ஏ.வில் அது உண்டு, டி.என்.ஏ.வில் கிடையாது. இயற்கையான டாட்-ஏ, அந்த 108-ஆம் இடத்தால்தான் ஆர்.என்.ஏ.வின் அந்த ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. பிழைத்த பாக்டீரியாவில் அந்தப் பிடி விட்டுப்போயிருந்தது. எந்த வேதியியலாளரும் உட்கார்ந்து வரைந்து காட்டாமலே, சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே நின்ற ஒரு பாக்டீரியா, எந்த இடத்தைத் தளர்த்த வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. சோதனையைக் கடினமாக்கிக்கொண்டே, தலைமுறை தலைமுறையாகப் பழக்கினார்கள். ஏழாம் தலைமுறையில் வந்த ஒன்று, மனித செல்களில் குறிவைத்த அடினின்களில் ஏறக்குறைய 50 சதவீதத்தைத் திருத்தியது; திருத்தியவற்றில் 99.9 சதவீதம் எதிர்பார்த்தபடியே குவானின். வெட்டினால் வரும் எழுத்து இழப்பும் நுழைவும் 0.1 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2017 அக்டோபரில் நேச்சர் இதழில் இது வெளியானது. இயற்கையில் இல்லாத ஒரு வேதிவினை, பாக்டீரியாவின் வழியாக உலகத்துக்கு வந்திருந்தது.

நொதிக்குப் பழைய புத்தி போகவில்லை. காஸ்9 இழுத்துச் செல்லும் இடத்துக்குப் போவதோடு, வழியில் தென்படும் ஆர்.என்.ஏ.க்களிலும் அது அடினினை மாற்றிக்கொண்டிருந்தது. 2019-இல் இது வெளிப்பட்டது. ஆர்.என்.ஏ. அழிந்து அழிந்து புதிதாக வருவது என்பதால் அது நிரந்தரச் சேதமில்லை. என்றாலும் மனிதருக்குக் கொடுக்கப்போகும் ஒன்றில் இதை விட்டுவைக்க முடியாது. முதல் தலைமுறையில் மாறிய அதே 106-ஆம் இடத்தில் மீண்டும் கைவைத்து, பெரிய உடம்புள்ள அமினோ அமிலமான டிரிப்டோஃபேனை அங்கே உட்காரவைத்ததும் ஆர்.என்.ஏ.வைத் தொடும் பழக்கம் பெருமளவு அடங்கியது. 2020-இல் வைரஸ்களைக் கொண்டு இடைவிடாமல் பரிணாமத்தை ஓட்டும் ஓர் ஏற்பாட்டில் இன்னொரு வடிவம் வந்தது. அதன் வேகம் பழையதைப் போல 590 மடங்கு.

கருவிக்கு எல்லைகள் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். காஸ்9 டி.என்.ஏ.வைப் பிரித்துப் பிடிக்கும்போது வெளியே தெரியும் நான்கைந்து எழுத்துகளுக்குள் இரண்டு அடினின் இருந்தால், இரண்டும் மாறிவிடலாம். பன்னிரண்டு வகையான எழுத்து மாற்றங்களில் நான்கைத்தான் இந்த இரண்டு எடிட்டர்களும் சேர்ந்து செய்யும். மற்றவற்றுக்காக அதே ஆய்வகத்தில் ஆண்ட்ரூ அன்சலோன் 2019-இல் பிரைம் எடிட்டிங் என்று வேறொன்றைக் கொண்டுவந்தார். அது தனிக் கதை.

அடுத்து விலங்குகள். புரோஜீரியா என்ற நோயில் ஓரெழுத்துப் பிழையால் குழந்தைகள் வேகமாக முதுமை அடைந்து, சராசரியாகப் பதினான்கு வயதளவில் இறந்துபோகிறார்கள். அந்த மனிதப் பிழையைச் சுமக்கும் சுண்டெலிகளுக்கு ஒரே ஊசியாக அடினின் எடிட்டரைக் கொடுத்தபோது, அவற்றின் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளுக்குப் போனது. 2021-இல் இதைப் படித்தவர்கள், இனி மனிதரிடம் போவது எப்போது என்றுதான் கேட்டார்கள்.

மனிதரிடம் முதலில் எட்டியது சைட்டோசின் எடிட்டர். லண்டனில் ரத்தப் புற்றுநோய்க்கு வேறு வழியில்லாமல் போன 13 வயதுச் சிறுமிக்கு, நன்கொடையாளரின் டி-செல்களை வெளியே திருத்தி 2022 மே மாதத்தில் ஏற்றினார்கள், நோய் அடங்கியது. டாட்-ஏ வழிவந்த எடிட்டர் உடலுக்குள் நேராகப் போனது அதே ஆண்டு ஜூலையில், நியூசிலாந்தில். அந்தச் சிகிச்சையை உருவாக்கிய வெர்வ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இதயநோய் மரபியல் வல்லுநர் சேகர் கதிரேசன். அவருடைய சகோதரர் 42 வயதில் மாரடைப்பில் இறந்தவர். பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பிறவியிலேயே வேலை செய்யாத சிலருக்கு கெட்ட கொழுப்பு மிகக் குறைவாகவும் இதயம் நலமாகவும் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. கல்லீரலில் அந்த மரபணுவின் ஓர் அடினினை மாற்றி அதை முடக்குவதுதான் திட்டம். முதல் வடிவம் தடுக்கிவிழுந்தது: கல்லீரல் நொதிகள் ஏறின, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. 2024-இல் அதை நிறுத்திவைத்தார்கள். குற்றம் எடிட்டர்மேல் விழவில்லை. அதைச் சுமந்துசென்ற கொழுப்புத் துகள்மேல் விழுந்தது. துகளை மாற்றிய இரண்டாம் வடிவம், அதிக அளவு பெற்றவர்களிடம் கெட்ட கொழுப்பைச் சராசரியாக 53 சதவீதம் குறைத்ததாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது.

இனி பிலடெல்பியா.

2024 ஆகஸ்டில் பிறந்த அந்த ஆண் குழந்தை இரண்டு நாளுக்குள் சோர்ந்து, மூச்சுக்குத் திணறத் தொடங்கினான். ரத்தத்தில் அம்மோனியா பயங்கரமாக ஏறியிருந்தது. நாம் சாப்பிடும் புரதம் சிதையும்போது வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக்கி வெளியேற்றும். அந்தத் தொடரின் முதல் நொதி சி.பி.எஸ்.1. அவனிடம் அது இல்லை. ஏறக்குறைய 13 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய். கடுமையான வடிவத்தில் வந்தால் பாதிக் குழந்தைகள் பச்சிளம் பருவத்திலேயே இறந்துவிடுகிறார்கள். ரத்தத்தைச் சுத்திகரித்து, நைட்ரஜனை வெளியேற்றும் மருந்து கொடுத்து, புரதத்தை அளந்து அளந்து ஊட்டி, கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு உடல் தேறும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சளியும் காய்ச்சலும் அம்மோனியாவை ஏற்றி மூளையைச் சிதைக்கக்கூடியவை.

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ரெபெக்கா ஆரென்ஸ்-நிக்ளஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூருவும் இப்படியொரு குழந்தைக்காகச் சில ஆண்டுகளாகவே தயாராகிக்கொண்டிருந்தார்கள். மரபணுவைப் படித்ததில் இரண்டு பிரதிகளிலும் தனித்தனிப் பிழை. ஒன்றில், புரதத்தின் 335-ஆவது இடத்தில் குளூட்டமினைக் குறிக்க வேண்டிய மூன்றெழுத்தில் முதல் சைட்டோசின் தைமினாகி, 'இங்கே நிறுத்து' என்ற குறியாக மாறியிருந்தது. எதிர் இழையில் அது ஓர் அடினின். டாட்-ஏவின் வாரிசு பிறந்ததே இதற்காகத்தான். இரண்டில் ஒரு பிரதி சரியானாலே போதும். பெற்றோர் இருவரும் ஒரே ஒரு நல்ல பிரதியோடு நலமாக இருப்பவர்கள்.

அந்த அடினினின் அருகே வழக்கமான காஸ்9 வந்து இறங்க இடமில்லை. வேறு இடத்தில் இறங்கும்படி மாற்றிய காஸ்9-ஐ எடுத்து, 590 மடங்கு வேகமுள்ள டாட்-ஏவை, 106-இல் செய்த அந்தத் திருத்தத்தோடு பொருத்தினார்கள். குழந்தையின் பிழையைச் சுமக்கும் சுண்டெலிகளை உருவாக்கிச் சோதித்தார்கள்; குரங்குகளில் பாதுகாப்பைப் பார்த்தார்கள். பல நிறுவனங்கள் தங்கள் பங்கை மிகக் குறைந்த செலவில் செய்துகொடுத்தன. சாதாரணமாகப் பல ஆண்டுகள் பிடிக்கும் இந்த வேலை ஆறு மாதத்தில் முடிந்தது. அமெரிக்க உணவு மருந்துத் துறை ஒரு வாரத்தில் அனுமதி கொடுத்தது.

எடிட்டருக்கான செய்தி ஆர்.என்.ஏ.வும் வழிகாட்டியும் கொழுப்புத் துகளுக்குள் அடைக்கப்பட்டு, பிப்ரவரி 25 அன்று நரம்பு வழியாக ஏற்றப்பட்டன. கோவிட் தடுப்பூசியில் பயன்பட்ட அதே வகைத் துகள். ரத்தத்தில் போனால் பெரும்பாலும் கல்லீரலில் சேரும். அங்கே செல் அந்தச் செய்தியைப் படித்து எடிட்டரைத் தானே செய்துகொள்ளும். சில நாளில் செய்தியும் எடிட்டரும் அழிந்துபோகும். திருத்திய எழுத்து மட்டும் நிற்கும். முதல் தவணை வேண்டுமென்றே மிகச் சிறியது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் அளவைக் கூட்டி இன்னும் இரண்டு. அவனுக்குக் கூடுதல் புரதம் ஊட்ட முடிந்தது. மருந்தைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. நடுவே வந்த வைரஸ் தொற்றுகளை அம்மோனியா பொங்காமல் கடந்தான். ஜூன் மாதம், 307 நாள் மருத்துவமனை வாசத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போனான். முழுக் குணம் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்த வார்த்தைச் சிக்கனத்துக்காக அவர்கள்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஓர் ஆள், ஒரு பிழை, ஒரு மருந்து. இதில் மாறியது வழிகாட்டியின் 20 எழுத்துகளும் காஸ்9-இன் ஒரு வடிவமும்தான். மற்றதெல்லாம் இன்னொரு குழந்தைக்கும் பொருந்தும். ஒவ்வொரு பிழைக்கும் தொடக்கத்திலிருந்து சோதனைகளை ஓட்ட வேண்டியதில்லை என்று 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்துத் துறைத் தலைவர்கள் எழுதியதற்கு இந்தக் குழந்தைதான் காரணம்.

ஆனால் இந்தக் கருவி குறிவைக்கும் நோய்களில் மிகப் பரவலான ஒன்று, அரிவாள் அணு என்ற ரத்த நோய், வேறிடத்தில் இருக்கிறது. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அங்கே அரிவாள் அணு பரம்பரையாக வருவதை உலகுக்குத் தெரிவித்தார்கள். இந்தியாவில் அதைப் பற்றி வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் அடினின் தைமினாவதுதான் நோயின் வேர். இந்தப் பிழையை நேராகத் திருப்ப டாட்-ஏவால் முடியாது. எதிர் இழையின் அடினினை மாற்றினால், வாலின் போய் அலனின் வரும். அந்த ஹீமோகுளோபின் புதிதல்ல. இந்தோனேசியாவின் மகாசர் நகரில் முன்பே கண்டறியப்பட்ட, கெடுதல் செய்யாத வகை. 2021-இல் கிரிகரி நியூபி உள்ளிட்டோர் நோயாளிகளின் ரத்த மூலச்செல்களில் பிழையுள்ள பிரதிகளில் 80 சதவீதத்தை இப்படி மகாசர் வகையாக்கினார்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் மோகன்குமார் முருகேசனின் குழு வேறு வழியில் போனது. கருவில் இருக்கும்போது நமக்கிருந்த ஹீமோகுளோபின் பிறந்த பின் அணைந்துபோகிறது. அதை மீண்டும் எரியவைத்தால் அரிவாள் அணு, தலசீமியா இரண்டின் கடுமையும் குறையும். அதை அணைக்கும் பகுதியை அடினின் எடிட்டராலும் சைட்டோசின் எடிட்டராலும் எழுத்து எழுத்தாகத் தட்டிப்பார்த்து, எந்த எழுத்தை மாற்றினால் அது மறுபடி எரிகிறது என்று புதிய இடங்களைக் கண்டறிந்து 2022-இல் வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் டாட்-ஏ தமிழ்நாட்டுக்கு வந்து செய்த வேலை இது. இதைப் பற்றி நம் பத்திரிகைகள் இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இடையில் நிற்கும் தடை எலும்பு மஜ்ஜை. மூலச்செல்களை வெளியே எடுத்துத் திருத்தித் திருப்பி ஏற்றுவதற்கு முன், பூசல்ஃபான் போன்ற கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும்; வாரக்கணக்கில் தொற்றில்லாத அறையில் இருக்க வேண்டும்; பிள்ளைப்பேறு வாய்ப்பு பாதிக்கப்படலாம். வெட்டும் முறையில் 2023-இல் அனுமதி பெற்ற காஸ்கெவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் விலை. கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடும்பம் ஒன்றுக்கு இந்த எண் எந்தப் பொருளும் தராது. இன்று அங்கே கிடைக்கும் துணை, ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் ஆதிவாசி மருத்துவமனையின் தொடர் கண்காணிப்பும்.

ஆகவே, இனி கவனிக்க வேண்டிய வேலை கொழுப்புத் துகளில் நடக்கிறது. ரத்த மூலச்செல்லின் மேல் சி.டி.117 என்ற அடையாளம் உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் துகளின்மேல் ஒட்டினால், அது மஜ்ஜைக்கும் போகிறது என்று 2023-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தாரும் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையினரும் சுண்டெலிகளில் காட்டினார்கள். அதே துகளில் அடினின் எடிட்டரை அடைத்து, அரிவாள் அணு நோயாளிகளின் செல்களை ஆய்வகத்தில் திருத்தியும் காட்டினார்கள். மனிதரில் இது பலித்தால், மஜ்ஜையை அழிக்கவும் வேண்டாம், தனியறையும் வேண்டாம். நரம்பில் டிரிப் ஏற்றத் தெரிந்த ஒரு செவிலியரும், துகள்களைக் கெடாமல் வைக்கும் ஒரு குளிர்பெட்டியும் உள்ள எந்த மருத்துவமனையிலும் கொடுத்துவிடலாம். கூடலூரில் இரண்டும் இருக்க முடியும்.